சோலார் போடுவது சரி, எந்த சோலார்? எண்ணூர் முதல் பழவேற்காடு வரை ஒரு கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் "மோட்டார் ஏன் சூடாகுது?" என்று கேட்பார்கள். இப்போது, "அண்ணா, ஊர்ப்பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கு. சமுதாயக் கூடத்துக்கு பேட்டரி வெச்ச சோலார் போடலாமா, இல்ல ஈ.பி.யோட சேர்ந்த மாதிரி போடலாமா?" என்று எண்ணூர் குப்பத்துத் தம்பி ஒருவர் கேட்கிறார். பழவேற்காடு பக்கம் மகளிர் குழு நடத்தும் அக்கா ஒருவருக்குக் கரண்ட் இரண்டாம் பட்சம். தண்ணீர் ஏற்ற சோலார் உதவுமா என்பதுதான் அவர் கேள்வி. தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஒருவர், திருவள்ளூர் மாவட்டத்தில் லைனே வராத தன் நிலத்தைப் பற்றிக் கேட்கிறார்.

மூவரும் கேட்பது "சோலார் போடலாமா" என்றுதான். ஆனால் மூவருக்கும் பதில் வேறு. இருபது வருடமாக இந்தப் பக்கம் வயரிங், மோட்டார் வேலை செய்கிறவன் என்ற முறையில், விலைப்பட்டியலைக் கையில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

லைன் போனால் எது ஓட வேண்டும்? "எல்லாம்" என்று சொன்னால் பணம் எவ்வளவு இருந்தாலும் போதாது. ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம், ஒரு ஃபேன் எட்டு மணி நேரம், இரண்டு போன் சார்ஜ். ஃபேன் பழைய மாடலாக இருந்தால் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 30 வாட். பழைய ஃபேனோடு ஓர் இரவுக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல், புதிய ஃபேனோடு 0.4 யூனிட். ஃபேனை மாற்றினாலே பாதி பேட்டரி மிச்சம். இதை எந்தக் கடைக்காரரும் முதலில் சொல்வதில்லை.

மிக மோசமான மாதத்தில் எவ்வளவு வரும்? சென்னை வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். இது ஆண்டுச் சராசரி. நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டுகிறது. புயலும் அப்போதுதான் வருகிறது. வானம் மூடிக்கிடக்கும் நாளில் அதே பேனல் 1 யூனிட் கொடுத்தாலே பெரிது. ஏப்ரல் வெயிலை நம்பி டிசம்பருக்குத் திட்டம் போடக் கூடாது.

பத்து வருடத்துக்கு என்ன செலவு? பேனல் 25 வருடம் வரும். இன்வெர்ட்டர் எட்டிலிருந்து பத்து வருடம். பேட்டரி அதற்கும் முன்பே போகும். அதனால் வாங்கும் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

உப்புக்காற்று, தூசி, புயல். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வரி. நமக்கு இதுவே பாதி விஷயம் என்பதால் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

யார் பார்த்துக்கொள்வது? பெயர் சொல்லி ஒரு ஆள் வேண்டும்.

## ஆன்-கிரிட்: பில்லைக் குறைக்கும், இருட்டைப் போக்காது

ஈ.பி. லைனோடு சேர்ந்தே ஓடுவது இது. பகலில் மிஞ்சும் கரண்ட் வெளியே போகும், அந்தக் கணக்கு நெட் மீட்டரில் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் வீட்டுக்கூரைக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. லைனோடு சேராத சோலாருக்கு இந்தத் திட்டத்தில் மானியம் இல்லை.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. லைன் போனால் ஆன்-கிரிட் சோலாரும் உடனே நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். அது பழுது இல்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் கூரையிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். "புயலுக்காகப் போட்டோம், புயலன்று வேலை செய்யலை" என்று போன் செய்கிறவர்கள் எல்லாரும் இதை வாங்கியவர்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? திருவொற்றியூரிலோ மணலியிலோ சொந்த மொட்டை மாடி இருந்து, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிப் பில் கட்டுகிறவருக்கு மிக நல்லது. 3 கிலோவாட் போட்டால் நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும்; இரண்டு மாதத்தில் 700 யூனிட் அளவுக்கு வரும். 150, 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டில் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அங்கே போட்ட பணம் திரும்பி வர அநேக வருடம் ஆகும். அப்படிப்பட்ட வீட்டுக்காரருக்கு நான் போடச் சொல்வதில்லை.

## ஆஃப்-கிரிட்: தனித்து நிற்கும், தனியாகச் சாப்பாடும் கேட்கும்

லைனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் என்று தனியே நிற்பது. லைன் இல்லாத ஊருக்கும் ஏரிக்கு நடுவில் இருக்கும் குடியிருப்புக்கும் இதைவிட்டால் டீசல்தான். நம் குப்பங்களில் பலர் மனதில் "சோலார்" என்றாலே இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்துப் போன பிறகு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, சமுதாயக் கூடத்தில் நான்கு டியூபுலர் (லெட்-ஆசிட் வகை) பேட்டரியோடு ஆஃப்-கிரிட் போட்டோம். போட்டுக்கொடுத்தவர் "மோட்டாரையும் இதுலயே மாட்டிக்கலாம்" என்றார். மாட்டியவன் நான்தான். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு இழுக்கும். தினமும் அப்படி இழுத்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று யாரும் பேசி வைக்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் நான்கு பேட்டரியும் படுத்துவிட்டன. புதிதாக வாங்க ஊரில் பணம் இல்லை. பேனல் மட்டும் கூரையில் பளபளவென்று இருந்தது. அந்தப் பேனலை அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. வலை பின்னியும் கருவாடு விற்றும் கொடுத்த காசு அது.

நமக்கு மட்டும் நடந்ததில்லை இது. பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்னை என்ற ஊரில் 2014-இல் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்கென்றே ஒரு தனி மின்வலை, தொடங்கினார்கள். 70 கிலோவாட் வீடுகளுக்கு, 30 கிலோவாட் பத்து 3 எச்.பி. பம்புகளுக்கு. நல்ல நோக்கம், நல்ல வேலை. பிறகு அரசு லைன் வந்தது, அதில் யூனிட் விலை குறைவு. பேட்டரிகள் தேய்ந்தன, மாற்றவில்லை. கடைசியில் அந்தக் கட்டடத்தில் மாடு கட்டினார்கள். பேனல் அங்கே கெடவில்லை; பேட்டரிக்கு என்று யாரும் பணம் எடுத்து வைக்காததுதான் கெடுத்தது.

பேட்டரிக் கணக்கு இதுதான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் எழுத்துப்படி 1.8 யூனிட் பிடிக்கும். லெட்-ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 0.9 யூனிட். பராமரித்தால் மூன்று முதல் ஐந்து வருடம். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அந்த மூன்றும் இல்லை. லித்தியத்தில் எல்.எஃப்.பி. வகைக்கு விலை முதலில் இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் 80 முதல் 90 சதவீதம் வரை இறக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், எட்டுப் பத்து வருடம் வரும். ஊர்ப்பொதுவுக்கு வாங்குவதாக இருந்தால் லித்தியம் மட்டுமே வாங்குங்கள். தினமும் பராமரிக்க ஆள் இருக்கும் தனி வீட்டுக்கு டியூபுலர் போதும்.

60 வீடு இருக்கும் குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் ஆஃப்-கிரிட் கொடுப்பதானால் பி.எல்.டி.சி. ஃபேன் கணக்கிலேயே ஓர் இரவுக்கு 24 யூனிட் பேட்டரி வேண்டும். அது பெரிய பணம். கூடத்துக்கு மட்டும் என்றால் ஆறு டியூப் லைட், ஆறு ஃபேன், அறுபது போன் சார்ஜ், இன்சுலின் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ், எல்லாம் சேர்ந்து 4.5 யூனிட்டுக்குள் முடியும். 2 கிலோவாட் பேனலும் 10 யூனிட் லித்தியமும் இருந்தால் இரண்டு நாள் மழையைத் தாண்டலாம். புயலன்று ஊரே அந்தக் கூடத்தில்தான் இருக்கப் போகிறது. வீட்டுக்கு வீடு கொடுக்கும் ஆசையை விட்டுவிட்டுக் கூடத்தைப் பலமாகச் செய்வதே சரி என்று நினைக்கிறேன்.

## ஹைப்ரிட்: லைன் இருக்கிற குப்பத்துக்கு

ஹைப்ரிட் இன்வெர்ட்டர் லைனோடும் சேரும், லைன் போனால் பேட்டரியிலும் ஓடும். பேட்டரி தினமும் வேலை செய்யாமல் தேவைப்படும்போது மட்டும் இறங்குவதால் அதிக நாள் உழைக்கும். மழைநாளில் லைன் இருந்தால் அதிலிருந்தும் ஏற்றிக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் முந்தின நாளே பேட்டரியை முழுசாக நிரப்பி வைக்கும் வசதி ஆஃப்-கிரிட்டில் இல்லை, இதில் உண்டு.

மறைந்திருக்கும் செலவு வயரிங்கில் இருக்கிறது. பேக்அப்பில் ஓட வேண்டியவற்றுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். பழைய வயரிங்கில் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதைப் பிரிக்கக் கூலி ஆகும். விலைப்பட்டியலில் பெரும்பாலும் அது இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்டரிச் செலவு முழுக்க உங்களுடையது.

## ஜெனரேட்டர், சாதா இன்வெர்ட்டர்

ஒரு லிட்டர் டீசலில் சின்ன ஜெனரேட்டர் 3 யூனிட் கொடுத்தால் நல்லது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது; யூனிட் 30 ரூபாய். வருடத்தில் நான்கைந்து நாள் ஓட்டுவதானால் வாடகைக்கு எடுப்பதே லாபம். வெள்ளத்தில் பங்க் மூடிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. சாதா இன்வெர்ட்டர் நான்கைந்து மணி நேரக் கரண்ட் கட்டுக்குப் போதும். மூன்று நாள் லைன் இல்லை என்றால் அதை நிரப்ப வழியில்லை.

| பார்க்க வேண்டியது | ஆன்-கிரிட் | ஆஃப்-கிரிட் | ஹைப்ரிட் | ஜெனரேட்டர் |
|---|---|---|---|---|
| லைன் போனால் | நின்றுவிடும் | ஓடும் | பேக்அப் லைன் மட்டும் ஓடும் | டீசல் இருக்கும் வரை ஓடும் |
| மழைக்காலத்தில் | உற்பத்தி குறையும், லைன் தாங்கும் | இங்கேதான் திணறும் | லைனிலிருந்து நிரப்பலாம் | பாதிப்பில்லை |
| மறைந்த செலவு | பெரிதாக இல்லை | பேட்டரி மாற்றுவது | தனி வயரிங், பேட்டரி | டீசல், சர்வீஸ் |
| சூர்யா கர் மானியம் | உண்டு | இல்லை | வீட்டுக்கூரையில் லைனோடு சேர்த்தால் உண்டு. பேட்டரிக்கு இல்லை | இல்லை |
| ஆள் கவனிப்பு | பேனல் கழுவினால் போதும் | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| யாருக்கு | பில் அதிகம் வரும் வீடு | லைன் இல்லாத இடம் | லைன் உள்ள ஊரின் பொதுக்கூடம் | எப்போதாவது தேவைப்படுகிறவர் |

## தண்ணீருக்குப் பேட்டரி வேண்டாம், டேங்க் போதும்

என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் விடாமல் நான் சொல்வது இது. கரண்டைப் பிடித்து வைப்பதைவிடத் தண்ணீரைப் பிடித்து வைப்பது நல்லது.

ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 60 வீட்டுக்கு 240 பேர் என்றால் 13,200 லிட்டர். அதை 20 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, 2 யூனிட் போதும். 1 எச்.பி. மோட்டார் நல்ல வெயிலில் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். பேனலில் இருந்து கண்ட்ரோலர் வழியாக நேராக மோட்டாருக்குக் கொடுக்கும் சோலார் பம்ப் செட்டில் பேட்டரியே கிடையாது. மோட்டார் மெதுவாகக் கிளம்புவதால் அந்த முதல் இழுப்பும் இல்லை. 1 முதல் 1.2 கிலோவாட் பேனல் வைத்தால் சரியாக இருக்கும்.

அதே வேலையை இரவிலும் செய்ய ஆசைப்பட்டுப் பேட்டரி வைத்தால், பேட்டரியோடு சேர்த்துப் பெரிய இன்வெர்ட்டரும் வாங்க வேண்டும். டேங்கின் விலையும் கம்மி இல்லை. ஆனால் டேங்க் நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கேட்காது. மூன்று நாள் மழைக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 10 லிட்டர் என்று வைத்தால் 7,200 லிட்டர். அந்த அளவுக்கு ஒரு டேங்கைத் தனியாக நிரப்பி, வால்வைப் பூட்டி வையுங்கள்.

சோலார் தீர்க்க முடியாத விஷயமும் இங்கே இருக்கிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதில் கடல்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. சோலார் பம்புக்குக் கரண்ட் செலவு இல்லை என்பதால் பகலெல்லாம் ஓடவிடத் தோன்றும். அப்படி ஓட்டினால் இன்று நல்ல தண்ணீர் தரும் போர்வெல்லும் நாளை உப்பாகும். டேங்க் நிரம்பியதும் தானாக நிற்கும்படி ஃப்ளோட் ஸ்விட்ச் கட்டாயம் போடுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்ச் சாமான் அது. பிள்ளைகள் குடிக்கப்போகிற தண்ணீரைக் காப்பது அந்தச் சின்ன ஸ்விட்ச்தான்.

ஏற்கெனவே உப்பாக இருந்தால் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பாருங்கள். குடிநீருக்கு 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைச் சற்றுத் தாண்டினால் ஊர் ஆர்.ஓ. போடலாம். 1,000 லிட்டருக்கு ஒன்றிரண்டு யூனிட் ஆகும். பகல் வெயிலில் ஓட்டி டேங்கில் பிடிக்கலாம். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் பாதி கழிவாக வெளியே வரும். அந்தக் கழிவு எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் ஆர்.ஓ. போடாதீர்கள். உப்பை வடிகட்டும் சவ்வை (மெம்ப்ரேன்) இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் கெடும். கடல்நீரில் டி.டி.எஸ். 35,000. அதைக் குடிநீராக்குவதற்குத்தான் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையை 2010-இல் திறந்தார்கள். ஊர் ஆர்.ஓ.வால் அது ஆகாது.

லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ தரைத் தொட்டியில் விழும் ஊரில் ஏற்றுகிற உயரம் எட்டுப் பத்து மீட்டர்தான். அங்கே அரை எச்.பி. சோலார் பம்பே தாராளம்.

## கடற்கரை கேட்கும் கூடுதல் செலவு

உள்நாட்டில் போடும் இரும்பு ஸ்டாண்டை இங்கே போட்டால் இரண்டு வருடத்தில் துரு உதிரும். ஹாட்-டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த) ஸ்டாண்ட் அல்லது அலுமினியம், ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் போல்ட், உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய பேனல் என்று விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். அலையடிக்கும் தூரத்தில் இருந்தால் போல்ட் உப்பை நன்றாகத் தாங்கும் 316 கிரேடாக இருக்கட்டும்.

கட்டடங்களுக்கான இந்தியத் தரத்தின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஸ்டாண்டை அதற்கு வடிவமைத்தீர்களா என்று கேளுங்கள். "வர்தாவையே தாங்கிச்சு சார்" என்பது பதில் ஆகாது. தகரக் கூரையில் எதையும் மாட்டாதீர்கள்; கான்கிரீட் தளம் வேண்டும். பேனல் தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்ந்தால் போதும். அதிகம் சாய்த்தால் காற்றுப் பிடிக்கும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மிக்ஜாமில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். சுவரில் அந்தக் கறை இன்னும் தெரிகிற வீடுகள் உண்டு. அதிலிருந்து இரண்டடி மேலே வையுங்கள்.

தூசி இன்னொன்று. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று, எண்ணூர் பக்கம் வந்தது. நிலக்கரித் தூளும் அனல் மின் சாம்பலும் பேனலில் படிந்தால் பனியில் நனைந்து சேறு போல ஒட்டும். மற்ற ஊரில் மாதம் ஒருமுறை கழுவினால் போதும். இங்கே வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், நல்ல தண்ணீரில். போர் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் உட்கார்ந்து, கழுவாததைவிட மோசமாகும். அந்தத் தண்ணீரையும் உங்கள் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள்.

## யார் எதைப் போடலாம்

எண்ணூர் குப்பத்துத் தம்பிக்கு: உங்களுக்கு லைன் இருக்கிறது. கூடத்துக்கு 2 கிலோவாட் ஹைப்ரிட், லித்தியம், கூடவே தனியாக ஒரு சோலார் பம்பும் டேங்கும். மோட்டாரை எந்தக் காரணத்துக்கும் பேட்டரியில் மாட்டாதீர்கள். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் வைத்தால் 60 வீட்டுக்கு வருடம் 21,600. எட்டு வருடத்தில் 1,72,800 ரூபாய், அடுத்த பேட்டரிக்குப் பணம் தயார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் யாராலும் கொடுக்க முடியாது. ஆகையால் மீதிப் பத்து மாதத்தில் 36 ரூபாயாக வாங்கிக்கொள்ளுங்கள். பணம் ஊர் நிர்வாகத்தின் பொதுக்கணக்கில் கலக்கக் கூடாது, தனிப் புத்தகம் வேண்டும்.

திருவள்ளூர் நிலத்துக்காரருக்கு: அங்கே ஆஃப்-கிரிட் சரியான முடிவு, பேட்டரி இல்லாத பம்பாக. 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் 7.5 எச்.பி. வரை விவசாய பம்புக்கு மானியம் உண்டு. தமிழ்நாட்டில் 60 சதவீதம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கும் மேல். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். களத்து வீட்டு விளக்குக்குத் தனியாக ஒரு சின்ன பேனலும் ஒரு பேட்டரியும் போதும், இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டாம்.

பழவேற்காடு அக்காவுக்கு: முதலில் போர்த் தண்ணீரைச் சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை டி.டி.எஸ். பாருங்கள். இரண்டிலும் 2,000-க்குள் இருந்தால் சோலார் பம்ப் போடுங்கள், மறுநாளே பலன் தெரியும். சித்திரையில் மட்டும் எகிறினால் பம்பின் அளவைக் குறைத்து, டேங்கைப் பெரிதாக்கி, கூரையில் விழும் மழைநீரையும் பிடியுங்கள். இரண்டு காலத்திலும் உப்பாகவே இருந்தால் சோலாருக்குச் சேர்த்த பணத்தை இப்போது தொடாதீர்கள், அக்கா. இரண்டு பரிசோதனைச் சீட்டையும் வைத்துக் குழாய்த் தண்ணீருக்கு மனு கொடுங்கள். தண்ணீர் தொட்டிக்கு வந்த அன்று கூப்பிடுங்கள், பம்பை நான் வந்து மாட்டித் தருகிறேன்.